தூசி உறிஞ்சும் யந்திரமும் அதன் ஆயுளும்

வீட்டுக்கு ஒரு வாக்குவம் கிளீனர் வாங்குவதென்று தீர்மானித்துக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்பது அது எவ்வளவு பலமாகத் தூசியை இழுக்கும் என்பதை. அடுத்தபடியாகக் கேட்பது விலையை. எத்தனை வருஷம் உழைக்கும் என்ற கேள்வியோ, முன்பு வாங்கிய யந்திரம் ஒன்று பரணில் ஊமையாகக் கிடக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்களின் வாயிலிருந்துதான் பெரும்பாலும் புறப்படுகிறது. அந்தக் கேள்விக்கும் கடைக்காரர் உத்தரவாதக் காலத்தைச் சொல்லிச் சமாதானப்படுத்திவிடுவார். உத்தரவாதம் என்பது கம்பெனி தன் பொறுப்பை எந்தத் தேதியில் கைகழுவும் என்பதைத் தெரிவிக்கும் சீட்டே தவிர, யந்திரத்தின் ஆயுளைக் கணித்துச் சொல்லும் ஜாதகம் ஆகாது.

இந்த யந்திரத்தின் சரித்திரம் 120 வருஷங்களுக்குச் சற்று அதிகமானது. அதை ஆதியோடந்தமாகப் பார்க்கிறவருக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படும். மோட்டாரின் பலத்தையும் உலோகத்தின் கனத்தையும் மட்டும் பொறுத்ததாக இதன் ஆயுள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை; பழுது நேர்ந்தால் நஷ்டம் யார் தலையில் விழும் என்பதைப் பொறுத்தே அது நீண்டும் குறுகியும் வந்திருக்கிறது.

கம்பளம் விரிக்காத தேசத்தில் இந்த யந்திரம் பிறந்திருக்க நியாயமில்லை. மேலை நாடுகளில், குளிருக்கு அடக்கமாக மரத்தளத்தின்மீது கனத்த கம்பளங்களை விரித்து, அதன்மேல் மெத்தை தைத்த நாற்காலிகளையும் கனத்த திரைச்சீலைகளையும் நிறைத்து, அறைதோறும் நிலக்கரி எரித்து வாழ்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடும்பங்களுக்குத் தூசி என்பது பெருக்கித் தள்ளிவிடக்கூடிய பொருளாக இருக்கவில்லை. அது நெசவுக்குள் புகுந்து குடியேறிவிடும். துடைப்பம் அதைக் கிளப்புமே அன்றி வெளியேற்றாது. ஆகையால் வருஷத்தில் ஓரிரு முறை கம்பளங்களைச் சுருட்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடியில் போட்டுப் பிரம்பினால் அடித்துத் தீர்ப்பது அவர்களுடைய வழக்கம். அமெரிக்காவில் 1860ல் டேனியல் ஹெஸ் என்பவர் துருத்தியும் தூரிகையும் சேர்த்த ஒரு கருவிக்குப் பேடன்ட் வாங்கினார். 1869ல் சிகாகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மெக்காஃபி கையால் சுழற்றும் விசிறி ஒன்றைக் கொண்டு காற்றை இழுக்கும் கருவியைச் செய்தார். ஒரு கையால் சுழற்றிக்கொண்டே மறு கையால் தள்ளுவது எத்தனை பேருக்குச் சாத்தியம் என்பதை அவர் யோசிக்கவில்லை போலும். 1876ல் மிச்சிகன் மாகாணத்தில் பீங்கான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸெல், பெட்டிகளிலிருந்து சிந்தும் மரத்தூள் கம்பளத்தில் படிவதைப் பொறுக்கமாட்டாமல், உருளும் தூரிகை வைத்த தள்ளுபெட்டியை அமைத்தார். 1889ல் அவர் காலமானபின் மனைவி அன்னா பிஸ்ஸெல் அந்தத் தொழிலை ஏற்று நடத்திப் பெருக்கினார் என்பது அந்நாளில் அபூர்வமான விருத்தாந்தம். பிஸ்ஸெல் பெட்டியில் மோட்டாரும் இல்லை, காற்றும் இல்லை. ஆகவே அது கெடுவதற்கும் அதிகமாக ஒன்றும் இல்லை.

இதற்குப் பின் வந்த யோசனை விசித்திரமானது. 1899ல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜான் தர்மன் என்பவர், அழுத்திய காற்றைக் கம்பளத்தின்மீது ஊதித் தூசியைக் கிளப்பி ஒரு பாத்திரத்தில் பிடிக்கும் யந்திரத்துக்குப் பேடன்ட் பெற்றார். ஊதினால் தூசி எங்கே போகும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அந்த வகை யந்திரங்கள் கொஞ்ச காலம் மதிப்போடு நடமாடின. 1901ல் அவற்றுள் ஒன்று லண்டனில் எம்பயர் இசையரங்கத்தில் பரீட்சித்துக் காட்டப்பட்டது. பார்க்க வந்தவர்களுள் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற இளம் என்ஜினீயரும் ஒருவர்.

பூத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரும்புப் பாலங்களையும், பொழுதுபோக்குத் தோட்டங்களில் ஜனங்களை ஏற்றிச் சுழலும் ராட்சத ராட்டினங்களையும் திட்டமிட்டுக் கட்டிப் பழகியவர் அவர். வியன்னா நகரில் 1897ல் எழும்பி இன்றும் சுழன்றுகொண்டிருக்கும் பெரிய ராட்டினத்தின் வேலையில் அவர் கையும் உண்டு. அரங்கத்தில் தூசி மேகமாக எழும்பித் திரும்பவும் கம்பளத்திலேயே படிவதைக் கண்ட அவர், ஊதுவதற்குப் பதிலாக ஏன் உறிஞ்சக்கூடாது என்று யந்திரக்காரரைக் கேட்டார். அது நடவாத காரியம், முயன்றவர்கள் தோற்றார்கள் என்று கோபத்தோடு பதில் வந்ததாக அவரே பின்னால் எழுதியிருக்கிறார். சில நாள் கழித்து விக்டோரியா வீதியிலுள்ள ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்திருந்தபோது, மெத்தை தைத்த இருக்கையின்மீது கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து, தம் மூச்சையெல்லாம் திரட்டி உள்ளே இழுத்துப் பார்த்தார். தொண்டை அடைத்து இருமல் எடுத்ததென்றாலும், கைக்குட்டையின் அடிப்புறத்தில் கறுப்பாகப் படிந்திருந்த அழுக்கு அவருடைய அபிப்பிராயத்தை மெய்ப்பித்துவிட்டது. காற்றை இழுக்கும் பம்பு ஒன்றும், இடையில் காற்றை விட்டுத் தூசியை நிறுத்தும் துணி ஒன்றும் இருந்தால் போதும். இன்றைய யந்திரங்கள் யாவும் அந்த இரண்டின் சந்ததியே.

ஆனால் பூத் செய்த யந்திரம் வீட்டுக்குள் நுழையக்கூடியதாக இல்லை. பெட்ரோல் என்ஜினால் ஓடும் பம்பைச் செந்நிற வண்டி ஒன்றில் ஏற்றி, அதைக் குதிரை இழுத்துவந்து வீதியில் நிறுத்தும். சீருடை தரித்த ஆட்கள் நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே செலுத்தி, கம்பளங்களையும் திரைகளையும் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். தூசி ஓடி வருவதை வீட்டார் கண்ணாலேயே பார்த்துத் திருப்தியடையும்படி குழாயில் கண்ணாடித் துண்டுகளையும் பொருத்தினார்கள். சீமாட்டிகள் இந்த வைபவத்தைக் காணச் சிநேகிதிகளைத் தேநீருக்கு அழைத்ததும் உண்டு; என்ஜினின் சத்தத்தில் வாடகை வண்டிக் குதிரைகள் மிரள்கின்றன என்று வழக்குகள் தொடரப்பட்டதும் உண்டு. 1902ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் சிம்மாசனங்களின் கீழே விரித்த கம்பளம் அழுக்காக இருப்பது கடைசி நேரத்தில் தெரியவந்தபோது, பூத்தின் கம்பெனியே போய்ச் சுத்தம் செய்து கொடுத்தது. அதன் பயனாக அரண்மனையில் மன்னருக்கும் ராணிக்கும் யந்திரத்தை இயக்கிக் காட்டும் பாக்கியமும், பக்கிங்ஹாமுக்கும் விண்ட்ஸருக்கும் விற்கும் வாய்ப்பும் கிடைத்தன. முதல் உலக யுத்தத்தின்போது, கடற்படை வீரர்களைத் தங்கவைத்திருந்த கிரிஸ்டல் பாலஸ் மண்டபத்தில் காய்ச்சல் பரவவே, பூத்தின் யந்திரங்கள் அங்கிருந்து 26 டன் தூசியை அகற்றின.

இந்தக் காலத்தில் யந்திரத்தின் ஆயுளைப் பற்றி வாடிக்கைக்காரர் கேட்க வேண்டிய அவசியமே எழவில்லை. அவர் வாங்கியது சுத்தத்தை, யந்திரம் கம்பெனியினுடையது, அது நடுவீதியில் நின்றுபோனால் அன்றைய வரும்படி கம்பெனிக்குத்தான் நஷ்டம். ஆகவே சுமப்பதற்கு எளிதாக, பார்ப்பதற்கு அழகாக, விலை குறைவாக அமைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமல், உழைப்பு ஒன்றையே கருதி அதை அமைத்தார்கள். ஓட்டத் தெரிந்தவன் ஒருவனும் கூடவே போனான். டேவிட் கென்னி என்பவர் 1902ல் பிட்ஸ்பர்க் நகரத்து ஃபிரிக் கட்டடத்தில் நிறுவியதும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே: பெரிய பம்பு ஓரிடத்தில் நிற்க, அங்கிருந்து கட்டடமெங்கும் சுவருக்குள்ளாகக் குழாய்கள் ஓடின. பங்களாவும் பணமும் உடையவர்களுக்கு இவை உதவின. மற்றவர்களுக்கு, ஒருவர் துருத்தியை மிதிக்க மற்றொருவர் குழாயைப் பிடிக்கும் கைக்கருவிகளே கதியாயின.

நிலைமையை மாற்றியவர், ஒஹாயோ மாகாணத்துக் கான்டன் நகரில் ஒரு பெரிய துணிக்கடையைக் கூட்டிப் பெருக்கும் உத்தியோகத்திலிருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர். அறுபதை எட்டிக்கொண்டிருந்த அவருக்கு ஆஸ்துமா தொந்தரவு இருந்தது. கம்பளம் பெருக்கும்போது எழும் தூசி அதை அதிகப்படுத்தியது. வேலையை விட வழியில்லாதவர் வேலையின் முறையை மாற்றினார். மின்விசிறியின் மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை, உருளும் தூரிகை ஆகியவற்றைச் சேர்த்து, ஒருவரே தள்ளிக்கொண்டு போகும் யந்திரத்தை அமைத்து, 1908 ஜூன் 2ந் தேதி பேடன்ட் பெற்றார். அவருடைய உறவினரான சூசன் ஹூவர் ஒன்றை வாங்கி உபயோகித்துப் பார்த்து வியந்து கணவரிடம் சொன்னார். கணவர் வில்லியம் ஹூவர் குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்து விற்பவர். மோட்டார் வண்டிகள் பெருகிவந்ததால் தம் தொழிலுக்கு எதிர்காலம் இராது என்பதை உணர்ந்திருந்த அவர் பேடன்ட்டை வாங்கித் தொழிலைத் தொடங்கிவிட்டார். ஸ்பாங்க்ளர் 1915ல் காலமானார். உலகம் முழுவதும் பரவியது ஹூவரின் பெயர்தான். இதில் அநியாயம் இருக்கிறதென்று நினைப்பவர்களோடு எனக்கு விவாதமில்லை.

ஹூவரின் மேதை யந்திரத்தைவிட வியாபாரத்தில்தான் பிரகாசித்தது. 1908 டிசம்பரில் ஒரு பிரபல வாரப் பத்திரிகையில், பத்து நாள் இலவசமாக வீட்டில் வைத்து உபயோகித்துப் பார்க்கலாம் என்று விளம்பரம் செய்தார். கடிதம் எழுதியவர்களுக்கு யந்திரத்தை நேரே அனுப்பிவிடாமல், அவரவர் ஊரில் நம்பகமான ஒரு கடைக்காரரைப் பிடித்து அவர் மூலமாகக் கொடுத்தார். யந்திரம் விற்றுப்போனால் கமிஷன் அந்தக் கடைக்காரருக்கு. இப்படி ஊருக்கு ஒரு வர்த்தகர் ஹூவரின் பிரதிநிதியாக முளைத்தார். இந்த ஏற்பாட்டின் முக்கியமான பலன் விளம்பரத்தில் சொல்லப்படாதது. யந்திரம் பழுதானால் வீட்டுக்காரி கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை, நாலு வீதி தாண்டியிருக்கும் கடைக்காரரின் வாசலில் போய் நிற்கலாம். ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டிய கடைக்காரருக்கோ, அடிக்கடி கெடும் சரக்கை விற்பது கட்டுப்படியாகாது.

ஆனால் அந்த யந்திரத்தின் அமைப்பில் ஒரு பலவீனம் இருந்தது. தரையிலிருந்து இழுக்கப்பட்ட தூசியும் கல்லும் ஊசியும் நேரே விசிறியின் இறகுகளில் மோதிக் கடந்த பிறகே பைக்குள் விழுந்தன. அந்தக் குறையை நீக்கியது ஸ்வீடன். வியன்னாவில் ஒரு கடை ஜன்னலில் அமெரிக்க யந்திரம் ஒன்றைக் கண்டு அதிலேயே மனத்தைப் பறிகொடுத்த ஆக்ஸெல் வென்னர்-கிரென் என்ற வர்த்தகர், 1919ல் உருவான எலக்ட்ரோலக்ஸ் கம்பெனியின் கர்த்தாவானார். 1921ல் அந்தக் கம்பெனி வெளியிட்ட ஐந்தாம் மாடல், பனியில் சறுக்கும் வண்டியைப் போல இரு தண்டுகளின்மீது படுத்த நிலையில் இழுபட்டு வரும் ஓர் உருளை. அதில் தூசி முதலில் பையில் தங்கிவிடும். வடிகட்டிய காற்றுதான் விசிறியையும் மோட்டாரையும் தொடும். வடிகட்டுவது முன், மோட்டார் பின் என்ற இந்த வரிசை சாதாரணமாகத் தோன்றினாலும், ஆயுள் விஷயத்தில் பூத்துக்குப் பின் நேர்ந்த பெரிய முன்னேற்றம் இதுவே என்பது என் எண்ணம்.

வென்னர்-கிரெனின் விற்பனையாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். கூடத்துக் கம்பளத்தில் ஒரு பிடி மண்ணைக் கொட்டி, வீட்டம்மாள் பதறும்போதே அதை யந்திரத்தால் உறிஞ்சிக் காட்டும் நாடகம் இவர்களால் உலகப் பிரசித்தி பெற்றது. அமெரிக்காவில் கர்பி என்ற முழு உலோக யந்திரத்தை விற்றவர்களும் கடையை நம்பவில்லை, வாசற்கதவையே நம்பினார்கள். பழைய யந்திரத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பினால் கழற்றிப் புதுப்பித்துத் தரும் ஏற்பாட்டையும் அந்தக் கம்பெனி வைத்திருந்தது. இந்த வாசற்படி வியாபாரிகளைப் பரிகசித்தவர்கள் பலர். கிரஹாம் கிரீன் 1958ல் எழுதிய ‘அவர் மேன் இன் ஹவானா’ என்ற நாவலின் நாயகன் வாக்குவம் கிளீனர் விற்பவன். யந்திரத்தின் பாகங்களை வரைந்து அனுப்பி, அவை ரகசிய ஆயுதங்கள் என்று லண்டனிலுள்ள உளவு அதிகாரிகளை நம்பவைக்கிறான். பரிகாசம் இருக்கட்டும். தவணைக்கு விற்றுவிட்டு மாதாமாதம் பணம் வாங்கப் போகிறவன், யந்திரம் ஓடாத வீட்டில் எந்த முகத்தோடு கைநீட்டுவான்? தவணை தீரும்வரையிலாவது அது கெடாமல் இருக்க வேண்டுமென்பதில் வாங்கியவனைவிட விற்றவனுக்கு அக்கறை அதிகம்.

1920களில் கழற்றி எறியக்கூடிய காகிதப் பைகள் வந்தன. பைக்காகத் திரும்பத் திரும்பச் செலவு செய்ய வேண்டியிருக்கிறதே என்று ஜனங்கள் அன்று தொட்டு முணுமுணுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் பழைய யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்வரை பை விற்கும், பை விற்கும்வரை கம்பெனிக்கு அந்தப் பழைய யந்திரத்தின்மேல் பிரியம் இருக்கும் என்ற மறுபக்கத்தை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அதோடு, பையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் மோட்டாருக்கு முன்னிருக்கும் முக்கியமான வடிகட்டி தானாகவே புதிதாகிவிடுகிறது.

வீட்டு வேலை குறைந்ததா என்று கேட்டால், அதற்கு அமெரிக்கச் சரித்திர ஆசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983ல் எழுதிய நூல் வேறு பதில் சொல்லும். கம்பளத்தைச் சுமந்துபோய் அடித்துக் கொடுத்த ஆண்களும் பிள்ளைகளும் வேலைக்காரர்களும் விலகிக்கொண்டார்கள். வருஷத்துக்கு ஓரிரு நாள் எல்லாரும் கூடிச் செய்த வேலை, வாரந்தோறும் மனைவி ஒருத்தியே செய்யும் வேலையாயிற்று என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதை மறுக்க எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

இரண்டாம் யுத்தத்துக்குப் பிறகு கதை திசை மாறுகிறது. உலோகம் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. அது யந்திரத்தை இலேசாக்கியது, விலையையும் இறக்கியது. அந்த நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாசலுக்கு வந்த விற்பனையாளர் குறைந்து, பெரிய அங்காடியின் அலமாரி வளர்ந்தது. அலமாரி யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. திருகாணி இருந்த இடத்தில் அழுத்திப் பூட்டும் பிளாஸ்டிக் நாக்குகள் வந்தன. ஒரு முறை திறந்தால் அவற்றுள் ஒன்றிரண்டு ஒடியும். பழுது பார்க்கும் கூலி புது யந்திரத்தின் விலையை நெருங்கியபோது, பழுது பார்ப்பதே மடமை என்ற எண்ணம் பரவியது.

பொருளைப் பற்றிய கவனம் எவ்வளவு தூரம் சிதறிப்போயிற்று என்பதற்குப் பிரிட்டனில் 1992ல் நடந்த கூத்து ஒன்றே போதிய உதாரணம். ஹூவர் கம்பெனியின் பிரிட்டிஷ் கிளை, 100 பவுனுக்குமேல் சாமான் வாங்குகிறவர்களுக்கு ஐரோப்பிய நகரங்களுக்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் இரண்டு விமானச் சீட்டுகள் இனாம் என்று அறிவித்தது. சீட்டின் மதிப்பு சாமானின் விலையைவிடப் பன்மடங்கு அதிகம். ஜனங்கள் வேண்டாத வாக்குவம் கிளீனர்களை விமானச் சீட்டுக்காக வாங்கிக் குவித்தார்கள். பிரிக்காத பெட்டிகள் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. சீட்டுக் கிடைக்காதவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கம்பெனிக்குச் சுமார் 5 கோடி பவுன் நஷ்டம். 1995ல் அதன் ஐரோப்பியத் தொழில் இத்தாலியிலுள்ள காண்டி கம்பெனிக்கு விற்கப்பட்டது.

அதே சமயத்தில்தான் ஜேம்ஸ் டைசன் தம் யந்திரத்தோடு வெளிப்பட்டார். பையின் நுண்துளைகள் அடைபட்டு இழுவிசை குறைவதைக் கண்டு எரிச்சலுற்ற அவர், மர அறுவை ஆலைகளில் தூளைச் சுழற்றிப் பிரிக்கும் கூம்பு ஒன்றைச் சிறிதாக்கிப் பைக்குப் பதிலாக வைக்கலாமென்று கருதி, 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்தார் என்பது அவரே பெருமையோடு சொல்லும் கணக்கு. முதலில் 1986ல் ஜப்பானில் விற்று, 1993ல் பிரிட்டனில் தம் பெயரிலேயே வெளியிட்டார். அது மேதாவிலாசமான வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பை ஒழிந்தபோது பழைய யந்திரத்தின்மேல் கம்பெனிக்கு இருந்த அந்த மாதாந்தரப் பிரியமும் ஒழிந்தது. வடிகட்டியை அவ்வப்போது கழுவி, நன்றாக உலர்த்திப் போடும் பொறுப்பு முழுவதும் வீட்டாரின் ஞாபகசக்தியில் விடப்பட்டது. இதற்கு நேர்மாறான சுபாவம் உடையது, இங்கிலாந்தின் சார்ட் என்ற சிற்றூரில் நுமாட்டிக் கம்பெனி 1980களின் ஆரம்பம் முதல் செய்துவரும் ஹென்றி. சிவந்த வாளி போன்ற உடம்பில் சிரித்த முகம் ஒன்றை வரைந்து, குழாயை மூக்காக வைத்திருக்கும் அந்த யந்திரத்தைப் பார்த்தால் விளையாட்டுச் சாமானென்று தோன்றும். ஆஸ்பத்திரிகளிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தினமும் மணிக்கணக்கில் இழுபடுவது அதுதான். பெரிய பை, சில திருகாணிகள், ஆண்டுகள் பல கடந்தும் அதிகம் மாறாத பாகங்கள். அவ்வளவே அதன் ரகசியம். கூலிக்குச் சுத்தம் செய்கிறவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதில் பூத்தின் காலத்து நியாயம் அப்படியே இருக்கிறது: யந்திரம் நின்றால் நஷ்டம் அவர்களுடையது.

இந்த யந்திரம் எப்படிச் சாகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதன் மோட்டார் நிமிஷத்துக்கு 20,000 அல்லது 30,000 சுற்றுக்கு மேலும் சுழல்வது. அந்த வேகத்தில் சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்ப்பவை கார்பன் பிரஷ் எனப்படும் இரண்டு கரித்துண்டுகள். அவை உராய்ந்து உராய்ந்து தேய்ந்துதான் தீரும். அற்ப விலையுள்ள அந்தத் துண்டுகளை மாற்ற வழி இருந்தால் மோட்டார் மறுபடி ஓடும். வழியை அடைத்து வைத்திருந்தால் முழு மோட்டாரும் குப்பைக்குப் போகும். மோட்டாரைக் குளிர்விப்பது பெரும்பாலான யந்திரங்களில் அது உறிஞ்சும் காற்றேயாகையால், பையோ வடிகட்டியோ அடைபட்டால் மோட்டார் தன் சூட்டிலேயே வேகும். குழாய், இழுத்து வளைக்கும் கழுத்துப் பக்கத்தில் கிழியும். ஒயரைச் சுருட்டும் வில் தளரும். நல்ல மோட்டாரை வைத்துக்கொண்டு ஒரு முழக் குழாய் கிடைக்காமல் யந்திரத்தை எறிந்தவர்கள் எத்தனையோ பேர். ஒயரில்லாத யந்திரங்களில் சில வருஷங்களில் தளர்ந்துபோகும் பாட்டரி இந்த வரிசையில் முதலிடம் பெறுகிறது.

ஐரோப்பிய யூனியன் இந்த மரணங்களைக் கவனித்து, ஆயுளையே சட்டத்தால் அளக்க முற்பட்டது. 2013ல் இயற்றிய ஒழுங்குமுறைப்படி, 2014 செப்டம்பர் முதல் 1,600 வாட்டை எட்டும் யந்திரத்தையும், 2017 செப்டம்பர் முதல் 900 வாட்டை எட்டும் யந்திரத்தையும் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாதென்று ஏற்பட்டது. வாட் என்பது யந்திரம் தின்னும் மின்சாரத்தின் அளவே அன்றிச் செய்யும் வேலையின் அளவு அல்லவென்பதை மறந்த பலர் அதிக வாட் உள்ளவற்றை அவசரமாக வாங்கிக்கொண்டார்கள். அதே ஒழுங்குமுறையில், மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் ஓட வேண்டும், குழாய் 40,000 முறை வளைத்தாட்டிய பிறகும் உபயோகத்துக்கு லாயக்காக இருக்க வேண்டும் என்ற விதிகள் 2017 முதல் அமலுக்கு வந்தன. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டும் குடும்பத்துக்கு 500 மணி என்பது ஒன்பதரை வருஷத்துக்குச் சற்று அதிகம். ஆனால் இன்று கடைகளில் கண்ணைப் பறிக்கும் பாட்டரி யந்திரங்களும், தானே ஊர்ந்து திரியும் ரோபோக்களும் அந்த விதிகளுக்கு உட்படவில்லை. பிரான்ஸோ 2022 நவம்பர் முதல், பழுது பார்ப்பதற்கு எவ்வளவு இசைவானது என்பதை மதிப்பிட்டுப் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணை விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று வாக்குவம் கிளீனருக்கும் விதித்தது. இரண்டில் எனக்கு உகந்தது பிரெஞ்சு யோசனைதான். பரீட்சைச்சாலையின் 500 மணியைக் கடையில் நிற்பவர் சோதிக்க முடியாது, பத்துக்கு மூன்றா எட்டா என்பதை அவர் உடனே பார்த்துக்கொள்ளலாம்.

நம் நாட்டில் இந்த யந்திரத்தைக் குடும்பங்களுக்குப் பரிச்சயமாக்கியது, 1982ல் எலக்ட்ரோலக்ஸின் கூட்டுறவோடு தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ். ஸ்வீடனில் பிறந்த வாசற்படி வியாபாரம், கழுத்தில் டை கட்டி, கையில் பெட்டியோடு மாடிப்படி ஏறிவந்த இளைஞர்களின் உருவத்தில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்துசேர்ந்தது. ஆனால் தமிழ் வீட்டில் அதற்கு உரிய எதிரியான கம்பளம் கிடையாது. சிவப்புச் சிமெண்டுத் தரையையும் மொசைக்கையும் தினமும் பெருக்கித் தண்ணீர் விட்டுத் துடைப்பவர்களுக்குப் பூந்துடைப்பமே போதுமானது. ஆகவே சோபா, மெத்தை, கார் இருக்கை, புத்தக அலமாரி என்று அதற்கு வேறு உத்தியோகங்களைத் தேட வேண்டியதாயிற்று. பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் இறங்கி மறுநாளே பரணுக்கு ஏறிவிடும் யந்திரத்துக்கு, உழைத்துத் தேயும் அபாயத்தைவிடச் சும்மா கிடந்து கெடும் அபாயமே அதிகம்: பரணின் வெக்கையில் ரப்பர் வெடிக்கும், குழாய் விறைக்கும். எஞ்சியதை நம் தூசி பார்த்துக்கொள்ளும். கோலப்பொடி, சாம்பிராணிச் சாம்பல், சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பு, பக்கத்து மனையில் எழும்பும் கட்டடத்தின் சிமெண்டு ஆகிய மாவு போன்ற பொருள்கள் வடிகட்டியை அடைப்பதில் கம்பளத்து நூலையும் நாய் மயிரையும் தோற்கடிக்கக்கூடியவை.

ஆகையால் நெடுநாள் உழைக்கும் யந்திரம் ஒன்றைத் தேடுகிறவர் முதலில் தமக்கு அது தேவைதானா என்று யோசிக்க வேண்டும். தரை மட்டுமே உள்ள வீட்டுக்குத் துடைப்பத்தை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். மெத்தையும் சோபாவும் ஆஸ்துமாக்காரரும் உள்ள வீடானால், ஒயர் உள்ளதும், பை உள்ளதும், மோட்டாருக்கு முன்னும் பின்னும் வடிகட்டி உள்ளதும், திருகாணியால் மூடியதுமான சாதாரண மாடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஈரத்தை உறிஞ்சும் வகை வேண்டுமானால் அதற்கென்றே செய்ததை வாங்க வேண்டும், உலர்ந்த தூசிக்கென்று செய்த யந்திரத்தில் தண்ணீரை இழுத்தால் மோட்டார் அன்றே முடிந்துவிடும். பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் குழாய் தனியாக என்ன விலை, பை இந்த ஊரில் எங்கே கிடைக்கும், கார்பன் பிரஷ்ஷை மாற்றிக் கொடுப்பவர் யார் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் சொல்கிறவரிடம் நூறு இருநூறு அதிகமானாலும் கொடுத்து வாங்குங்கள். பதிலுக்குப் பெட்டியின்மேல் அச்சிட்ட வாட்டைச் சுட்டிக்காட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.